பிரேக் பேடும் டிஸ்கும்: நீங்களே பார்க்க, நீங்களே மாற்ற

ஒரு பிஎம்டபிள்யூவின் முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது மாருதியில் இருப்பதுதான்: ஓர் இரும்பு டிஸ்க், அதன் இரு பக்கமும் இரண்டு பேடு, அந்தப் பேடுகளை நெருக்கிப் பிடிக்கும் காலிப்பர். வேலையின் அடிப்படை மாறவில்லை. ஆளைத் தடுமாற வைப்பது சுற்றியிருக்கும் சின்னச் சின்ன விஷயங்கள்தான். சாதாரண செட்டில் கிடைக்காத 7 மி.மீ. ஆலன் கீ, பேடுக்குள் ஓடும் சென்சார் ஒயர், பின்சக்கரத்தில் மோட்டார் வைத்த ஹேண்ட் பிரேக் ஆகியவற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்தால், பேடும் டிஸ்கும் மாற்றுவது வீட்டு போர்டிகோவிலேயே முடிகிற வேலை.

2012 முதல் 2019 வரை விற்பனையான பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், அதாவது எஃப்30 மாடலை இந்த அத்தியாயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். சிங்கப்பெருமாள் கோயில் அருகே உள்ள சென்னை ஆலையில் பூட்டப்பட்ட வண்டி இது. பழைய கார் சந்தையில் இன்று நிறையக் கிடைக்கிறது. மெர்சிடிஸிலும் ஆடியிலும் எங்கே முறை மாறுகிறதோ, அங்கங்கே சொல்கிறேன்.

எந்த வண்டியில் கை வைக்கக் கூடாது

முதலில் இதைப் பார்த்துவிடுங்கள். கீழ்க்கண்டவற்றில் ஒன்று உங்களுடையது என்றால் பரிசோதனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

• 2002 முதல் 2006 வரை வந்த டபிள்யூ211 மெர்சிடிஸ் ஈ கிளாஸ். இதில் எஸ்பிசி என்ற மின் அழுத்த பிரேக் இருக்கிறது. ரிமோட்டில் கதவைத் திறந்தாலே பம்பு தானாக ஓடி பிஸ்டனைத் தள்ளும். காலிப்பருக்குள் விரல் இருந்தால் நசுங்கிவிடும். ஸ்கேனர் கொண்டு முறைப்படி செயலிழக்கச் செய்த பிறகுதான் தொட வேண்டும்.
• கார்பன் செராமிக் டிஸ்க் உள்ள வண்டிகள். போர்ஷேயில் மஞ்சள் காலிப்பர் இருந்தால் அநேகமாக அதுதான். அதன் தேய்மானத்தைத் தடிமனை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது, விலையும் பல லட்சம். சக்கரம் கழற்றும்போது விளிம்பில் ஒரு தட்டு பட்டாலே சில்லு பெயர்ந்துவிடும்.
• பெடல் மெதுவாகக் கீழே இறங்கும் வண்டி, எங்கேனும் பிரேக் ஆயில் கசியும் வண்டி. பேடு மாற்றினால் இந்தக் கோளாறு சரியாகாது. வண்டியை ஓட்டிச் செல்லவும் வேண்டாம். ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

சக்கரம் கழற்றாமல் முதல் பார்வை

1. என்ஜினை அணைத்துவிட்டு, பெடல் கெட்டியாகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். மிதித்தபடியே என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்கி நின்றால் பூஸ்டர் சரி. இறங்கவே இல்லையென்றால் பூஸ்டரையோ அதன் வேக்கம் குழாயையோ பார்க்க வேண்டும்.

2. பெடலை அழுத்தியே அரை நிமிடம் பிடியுங்கள். நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

3. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். பேடு தேயத் தேய அளவு தானாகக் கொஞ்சம் குறையும். அது இயல்பு. குறைந்திருக்கிறதே என்று உடனே நிரப்பிவிடாதீர்கள். புதுப் பேடு போட்டதும் ஆயில் மேலே ஏறி வழியும்.

4. டார்ச் அடித்து, அலாய் கம்பிகளின் இடைவெளியில் பேடைப் பாருங்கள். உங்களுக்குத் தெரிவது வெளிப்பேடு மட்டும். உள்பேடுதான் பல நேரம் முதலில் தேய்கிறது. அதனால் வெளியே நன்றாக இருக்கிறது என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

5. வண்டி ஓட்டும்போது கிடைக்கும் குறிப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரேக் அடிக்கையில் ஸ்டீயரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன் டிஸ்க், சீட்டும் உடம்பும் அதிர்ந்தால் பின் டிஸ்க். இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தால் பேடு முழுக்கத் தீர்ந்து தகடு டிஸ்கைத் தின்கிறது என்று பொருள். அன்றே நிறுத்துங்கள்.

டாஷ்போர்டு எச்சரிக்கையை முழுதாக நம்பி உட்காருவதுதான் இந்த வண்டிக்காரர்கள் அதிகம் செய்யும் தவறு. எஃப்30-இல் மொத்தமே இரண்டு சென்சார்: முன்னால் இடது சக்கரத்தில் ஒன்று, பின்னால் வலது சக்கரத்தில் ஒன்று. முன் வலதில் காலிப்பர் இறுகி, அங்கே மட்டும் பேடு தீர்ந்துபோனால் வண்டி உங்களுக்குச் சொல்லாது. டயர் மாற்றும்போதோ அலைன்மென்ட் பார்க்கும்போதோ நாலு சக்கரத்தையும் பார்த்துவிடும் பழக்கம் வேண்டும்.

அளந்து முடிவு செய்யுங்கள்

பேடில் தகடு நீங்கலாக உராயும் பொருள் எவ்வளவு மிச்சம் என்பதே கணக்கு. புதுசில் 11 மி.மீ. போல இருக்கும். 4 மி.மீ. வந்ததும் பொருளை வாங்கி வைத்துவிடுங்கள். 3 மி.மீ. ஆனால் மாற்றுங்கள்.

டிஸ்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் விளிம்பிலோ நடுத்தொப்பியிலோ பொறித்திருக்கும். துருவை வயர் பிரஷால் தேய்த்தால் எழுத்து தெரியும். எஃப்30-இன் 24 மி.மீ. முன் டிஸ்குக்கு எல்லை 22.4 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்த்து வெறும் 1.6 மி.மீ.தான் தேயலாம். இதனால்தான் டிஸ்கைக் கடைசல் பட்டறையில் கொடுத்துச் சீவி வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே தேய்ந்த டிஸ்கின் நடுக்கம் போகும் அளவுக்குச் சீவினால் எல்லைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அடுத்த பேடு முடிவதற்குள் எல்லையைத் தாண்டிவிடும்.

டிஸ்கின் ஓரத்தில் நகத்தை வைத்து உள்ளிருந்து வெளியே இழுத்துப் பாருங்கள். பேடு படாத விளிம்பு ஒரு வரப்பாக நிற்கும். வெர்னியரின் தாடை அந்த வரப்பின் மேல் உட்கார்ந்தால் கிடைக்கும் அளவு பொய். தாடைக்கும் டிஸ்குக்கும் நடுவே இரு பக்கமும் ஒவ்வொரு நாணயம் வைத்து அளந்து, பிறகு நாணயங்களின் தடிமனைக் கழித்துவிடுங்கள். மைக்ரோமீட்டர் இருந்தால் இந்தச் சிரமம் இல்லை.

நகம் சிக்கும் ஆழமான வரி, விளிம்புவரை ஓடும் விரிசல், நீலம் பாரித்த திட்டு, இவற்றில் ஒன்று இருந்தாலும் தடிமன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் டிஸ்கை மாற்றுங்கள். மழைக்கு மறுநாள் காலை டிஸ்க் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம். அது மேல்துரு, நாலு பிரேக்கில் போய்விடும்.

என்ன வாங்க வேண்டும்

பேடும் டிஸ்கும் எப்போதும் ஒரு ஆக்ஸிலுக்கு ஜோடியாக மாற்ற வேண்டும். வலதை மட்டும் மாற்றினால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். புது டிஸ்குக்குப் பழைய பேடு போடக் கூடாது. டிஸ்க் அளவோடு வழவழப்பாக இருந்தால் பழைய டிஸ்குக்குப் புதுப் பேடு போடலாம்.

கடையில் மாடல் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே எஃப்30-இல் என்ஜினையும் எம் ஸ்போர்ட் பேக்கேஜையும் பொறுத்துப் பல அளவு டிஸ்க் வருகிறது. சேசிஸ் எண்ணின் கடைசி ஏழு இலக்கங்களைக் கொடுத்தால் சரியான பாகத்தின் எண்ணைச் சொல்வார்கள். ஏடிஇ, டெக்ஸ்டார், ஜூரிட், பேஜிட் ஆகியவை இந்த வண்டிகளுக்கு நெடுங்காலமாகப் பேடு செய்பவை. அசல் பாகத்துக்கு ஷோரூம் விலை கட்டுப்படியாகாதவர்கள் தயங்காமல் இவற்றுக்குப் போகலாம். பெயர் தெரியாத பெட்டியில் பாதி விலைக்கு வருவதைத் தொடாதீர்கள். இந்த ஒரு பாகத்தில் மிச்சம் பிடிக்கவே வேண்டாம்.

பேடோடு சேர்த்துப் புது சென்சார், காலிப்பரின் பக்கவாட்டு ஸ்பிரிங், டிஸ்கைப் பிடிக்கும் சிறு திருகு மூன்றையும் வாங்கிவிடுங்கள். எச்சரிக்கை விளக்கு ஒருமுறை எரிந்துவிட்டால் பழைய சென்சார் பயன்படாது.

கருவிகளில் தவறவே கூடாதவை: இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச், 17 மி.மீ. சாக்கெட், 7 மற்றும் 6 மி.மீ. ஆலன் சாக்கெட், பிஸ்டனைத் தள்ளும் கருவி அல்லது பெரிய சி கிளாம்ப், வயர் பிரஷ், பிரேக் கிளீனர் ஸ்பிரே, கையுறை, என்95 முகக்கவசம். வீல் லாக் போல்ட் இருந்தால் அதன் சாவித்தலை டிக்கியில் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். பழைய காராக வாங்கியவர்களில் பலரிடம் அது இருப்பதில்லை.

வண்டியைத் தூக்குதல்

இந்த அத்தியாயத்தில் உயிருக்கு ஆபத்தான இடம் இதுதான்.

1. கெட்டியான, சமமான கான்கிரீட் தரையில் நிறுத்துங்கள். வெயிலில் இளகிய தார் மேலோ டைல்ஸ் மேலோ வேண்டாம். தரையில் சந்தேகம் இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பிளைவுட் பலகை போடுங்கள்.

2. வீல் போல்ட்களைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்று தளர்த்துங்கள்.

3. முன்பக்கம் தூக்கினால் கியரை பி-யில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பின்பக்கம் தூக்கும்போது கவனம் தேவை. எஃப்30 பின்சக்கர ஓட்டம் கொண்ட வண்டி. பி கியரும் ஹேண்ட் பிரேக்கும் பிடிப்பது பின்சக்கரங்களைத்தான். அவை அந்தரத்தில் தூக்கப்பட்டுவிட்டால், தரையில் நிற்கும் முன்சக்கரங்களைப் பிடிக்க எதுவுமே இல்லை. இரண்டு முன்சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள்.

4. கதவுக்குக் கீழே உள்ள சதுரமான ரப்பர் கட்டையில்தான் ஜாக்கியை வைக்க வேண்டும். தூக்கியதும் ஸ்டாண்டு போட்டு, வண்டியை அதன்மேல் இறக்கி, கையால் தள்ளிப் பாருங்கள். ஆடக் கூடாது. கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்க வைப்பது கூடுதல் காப்பு.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள ஆடி, மெர்சிடிஸ் வண்டிகளில் தூக்குவதற்கு முன் மெனுவில் ஜாக் மோடு இருக்கிறதா என்று கையேட்டில் பார்த்து அதைப் போடுங்கள். எந்த வண்டியானாலும் சாவியை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

முன் பேடும் டிஸ்கும் மாற்றும் முறை

ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் தொடுங்கள். சந்தேகம் வந்தால் கழற்றாத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கழற்றுவதற்கு முன் நாலு கோணத்தில் போட்டோ எடுங்கள்.

1. பிரேக் ஆயில் டப்பா நிறைய இருந்தால் சுத்தமான சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள். பெயிண்டில் ஒரு சொட்டு சிந்தினாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். விட்டால் பெயிண்ட் உரியும்.

2. இடது சக்கரத்தில் சென்சார் ஒயர் பேடிலிருந்து வருகிறது. அதைக் கிளிப்புகளிலிருந்து விடுவித்து, ஒயர் போகும் பாதையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். புது ஒயரும் அதே பாதையில் போக வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டீயரிங் ஒடிக்கும்போது டயரில் உரசி அறுந்துவிடும்.

3. காலிப்பரின் வெளிப்பக்க ஸ்பிரிங்கைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுங்கள். துள்ளிக் கண்ணில் அடிக்கும். ஒரு கையால் மூடிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

4. காலிப்பரின் பின்புறம் இரண்டு பிளாஸ்டிக் மூடிகள் இருக்கும். அவற்றை எடுத்தால் உள்ளே 7 மி.மீ. ஆலன் தலையோடு கைடு போல்ட். ஓட்டையைச் சுத்தம் செய்து, சாவியை முழு ஆழத்துக்கும் நுழைத்த பிறகு திருகுங்கள். அரைகுறையாக நுழைத்துத் திருகினால் தலை உருண்டுபோகும்.

5. காலிப்பரை வெளியே எடுத்து, கம்பி போட்டு சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்க விடக் கூடாது. ஹோஸின் உள்ளடுக்கு கிழிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது.

6. பழைய உள்பேடைப் பிஸ்டனில் வைத்து கிளாம்பால் மெதுவாகத் தள்ளுங்கள். ஓர் ஆள் ஆயில் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பிஸ்டன் நகர மறுத்தாலோ ரப்பர் உறை கிழிந்து உள்ளே துரு தெரிந்தாலோ காலிப்பரைப் பட்டறையில் காட்ட வேண்டும்.

7. டிஸ்கையும் மாற்றுவதாக இருந்தால் காலிப்பர் பிராக்கெட்டின் இரண்டு பெரிய போல்ட்களைக் கழற்றுங்கள். பிறகு டிஸ்கின் முகத்தில் உள்ள 6 மி.மீ. ஆலன் திருகு. இது துருப்பிடித்து இறுகியிருக்கும். சாவியைப் பொருத்திச் சுத்தியால் இரண்டு தட்டு தட்டிய பிறகு திருகினால் பெரும்பாலும் வரும்.

8. டிஸ்கை எடுத்ததும் தெரியும் ஹப்பின் முகத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. வீல் போல்ட் துளைகளைச் சுற்றித் துரு பொருக்காக ஒட்டியிருக்கும். கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டியில் இன்னும் அதிகம். வயர் பிரஷாலும் எமரி ஷீட்டாலும் வெறும் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, விரலை ஓட்டிப் பாருங்கள். மணல் அளவு துகள் ஒன்று இடையில் சிக்கினாலும் டிஸ்க் சாய்ந்து உட்காரும். சில ஆயிரம் கிலோமீட்டரில் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கும். புது டிஸ்க் வளைந்துவிட்டது என்று கடைக்காரரோடு சண்டை போடுபவர்களின் வண்டியில் பல நேரம் காரணம் இந்தத் துருதான்.

9. புது டிஸ்கில் காப்பு எண்ணெய் பூசியிருந்தால் பிரேக் கிளீனர் அடித்து, வெள்ளைத் துணியில் கறை வராதவரை துடையுங்கள். டிஸ்கை மாட்டிச் சிறு திருகைப் போட்டு, பிராக்கெட்டைப் பூட்டுங்கள். இறுக்கும் அளவை உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் பார்த்து டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். போல்ட்டை ஒருமுறைதான் பயன்படுத்தலாம் என்று போட்டிருந்தால் புதுசு வாங்குங்கள்.

10. பிராக்கெட்டில் பேடின் காது உட்காரும் இடங்களைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கான உயர்வெப்ப கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். உராயும் முகத்திலும் டிஸ்கிலும் துளிகூடப் படக் கூடாது. உள்பேடின் முதுகில் உள்ள கிளிப் பிஸ்டனுக்குள் நுழையும். இடப்பக்க உள்பேடில் சென்சாரைச் செருகுங்கள்.

11. கைடு போல்ட்டில் மட்டும் கிரீஸ் வேண்டாம். ஜப்பானிய, கொரிய வண்டிகளில் கிரீஸ் போட்டுப் பழகிய கை இங்கே தவறு செய்துவிடும். பிஎம்டபிள்யூவில் வழவழப்பான இரும்பு ஊசி ரப்பர் புஷ்ஷுக்குள் உலர்வாக ஓட வேண்டும். சாதா கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதி ஊசியை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு பேடு மட்டும் தேயும். துணியால் துடைத்து அப்படியே போடுங்கள்.

12. காலிப்பர், ஸ்பிரிங், மூடிகள், சென்சார் ஒயர் எல்லாம் மாட்டி முடித்ததும் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, ஹோஸும் ஒயரும் எதிலும் உரசவில்லை என்று பாருங்கள்.

13. சக்கரத்தை மாட்டி, எதிரெதிர் போல்ட்டாக இறுக்குங்கள். எஃப்30-க்கு 140 நியூட்டன் மீட்டர். வேறு வண்டிகளுக்கு அவற்றின் கையேடுதான் கணக்கு. இம்பாக்ட் கன்னில் அடித்து முடிக்காதீர்கள்.

பின்சக்கரம்: இரண்டு வகை

எஃப்30-இல் ஹேண்ட் பிரேக் கம்பியில் இழுபடுவது. அதன் ஷூ பின் டிஸ்கின் தொப்பிக்குள் டிரம் போல உட்கார்ந்திருக்கிறது. காலிப்பருக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ஆகவே பிஸ்டனை நேராகத் தள்ளினால் போதும், திருக வேண்டாம். டிஸ்க் வராமல் அடம்பிடித்தால் ஷூ பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். சுத்தியால் ஓங்கி அடிக்காதீர்கள். ஹேண்ட் பிரேக்கை இறக்கி, கியரை நியூட்ரலுக்கு மாற்றி, வீல் போல்ட் துளை வழியாக உள்ளே உள்ள பல்சக்கரத்தை ஸ்க்ரூடிரைவரால் தளர்த்தினால் கழன்று வரும்.

2008-க்குப் பின் வந்த ஆடி ஏ4, டபிள்யூ205 மெர்சிடிஸ் சி கிளாஸ், ஜி20 பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் போன்றவற்றில் பின் காலிப்பரிலேயே மின்மோட்டார் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஒரு திருகுக்கம்பியைச் சுழற்றி, பிஸ்டனைப் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்து நிறுத்துகிறது. அந்தத் திருகு பின்வாங்காமல் பிஸ்டனைக் கிளாம்பால் நெருக்கினால் உள்ளே உடைந்துபோகும். ஸ்கேனரைப் பொருத்தி, பார்க்கிங் பிரேக்கின் சர்வீஸ் நிலையைக் கொடுத்து, இரண்டு மோட்டாரும் ஓடி அடங்கும் சத்தம் கேட்ட பிறகே காலிப்பரைத் தொட வேண்டும். வேலை முடிந்ததும் அதே ஸ்கேனரில் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மோட்டாருக்கு நேராகப் பாட்டரி கரண்ட் கொடுத்துப் பின்வாங்க வைக்கும் குறுக்குவழியைச் சிலர் சொல்வார்கள். அதில் மோட்டார் எங்கே நிற்கிறது என்ற கணக்கு வண்டிக்குத் தப்பிப்போகிறது. ஸ்கேனர் இல்லையென்றால் பின்பக்கத்தைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

வண்டியை நகர்த்துவதற்கு முன்

பிஸ்டனை உள்ளே தள்ளிவிட்டதால் முதல் மிதியில் பெடல் தரைவரை போகும். பேடு டிஸ்கைத் தொட்டே இருக்காது. இந்த நிலையில் ரிவர்ஸ் போட்டுச் சுவரிலோ கேட்டிலோ மோதியவர்கள் உண்டு. சக்கரம் தரையில் இறங்கிய கையோடு, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், பெடல் கெட்டியாகும்வரை மெதுவாக மிதியுங்கள். பிறகு ஆயில் அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் மூடியில் போட்டிருக்கும் வகையையே ஊற்றுங்கள். பெரும்பாலும் டாட் 4. இந்த வண்டிகளில் சிலிக்கான் வகையான டாட் 5 எக்காரணம் கொண்டும் ஊற்றக் கூடாது.

இந்த வேலையில் ஆயில் குழாய் எதையும் நாம் திறக்கவில்லை. அதனால் காற்று எடுக்கும் வேலையும் இல்லை. மிதித்த பிறகும் பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் ஓட்டாதீர்கள். ஏபிஎஸ் பம்புக்குள் காற்று போயிருந்தால் அதை எடுக்க ஸ்கேனர் தேவைப்படும். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் கணக்கையும் இந்தச் சந்தர்ப்பத்தில் பார்த்துவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 4-க்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 டிகிரி. ஏற்காடு, கொடைக்கானல் இறக்கத்தில் பெடல் திடீரென்று தொய்வது இதனால்தான்.

பழக்குதலும் ரீசெட்டும்

புதுப் பேடும் டிஸ்கும் ஒன்றோடொன்று படிய வேண்டும். போக்குவரத்து இல்லாத சாலையில், பின்னால் வண்டி வராதபோது, 80 கி.மீ. வேகத்திலிருந்து 30 வரை மிதமாகக் குறையுங்கள். முழுதாக நிறுத்தாதீர்கள். அரைக் கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட்டு மறுபடியும். இப்படி இருபது முறை போல. முடிந்ததும் பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆற்றுங்கள். சூடான டிஸ்கை நிறுத்தி அழுத்திப் பிடித்தால் பேடின் பொருள் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். முதல் 300 கி.மீ. அவசர பிரேக் தேவைப்படாத மாதிரி இடைவெளி விட்டு ஓட்டுங்கள். லேசான கருகல் வாடை முதல் நாள் வரலாம்.

எஃப்30-இல் சர்வீஸ் கணக்கை ரீசெட் செய்ய, பிரேக்கை மிதிக்காமல் இக்னிஷனை மட்டும் போட்டு, மீட்டர் பலகையில் உள்ள பொத்தானைச் சர்வீஸ் மெனு வரும்வரை அழுத்திப் பிடியுங்கள். முன் பிரேக் அல்லது பின் பிரேக் படம் வரும்வரை விட்டுவிட்டு அழுத்தி, வந்ததும் மீண்டும் அழுத்திப் பிடித்தால் ரீசெட் ஆகும். ரீசெட்டை மறுத்தால் புது சென்சாரின் இணைப்பு சரியாகப் பொருந்தியிருக்கிறதா, வண்டியில் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

100 கி.மீ. ஓடியதும் வீல் போல்ட்களை டார்க் ரெஞ்சால் இன்னொரு முறை சோதியுங்கள். அன்றே சக்கரங்களின் அருகில் கை வைத்து வெப்பத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். டிஸ்கைத் தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கே பேடு விலகாமல் பிடித்திருக்கிறது. அந்தச் சக்கரத்தைக் கழற்றி, பேடின் காதும் கைடு போல்ட்டும் தடையின்றி நகர்கின்றனவா என்று பார்த்து மறுபடி மாட்டுங்கள்.